மலைநாட்டு வீட்டில் ஒரு கொதிகலன்: அமுக்கமானியின் முள் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்காலைகளில் புற்றரைகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் உறைபனி படியும் அளவுக்கு அங்கே குளிர் இறங்குவதுண்டு. துரைமார் காலத்துப் பங்களாக்களில் இந்தக் குளிரைச் சமாளித்தவை கணப்பும், விறகில் தண்ணீர் சூடாக்கும் அடுப்பும்தான். இன்று நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் பெரும்பாலான வீடுகள் மின்சாரக் கீசரோடு நின்றுவிடுகின்றன. அறைதோறும் ரேடியேட்டர் பொருத்தி, ஒரே கொதிகலனால் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு சில விடுதிகளிலும் தனி வீடுகளிலும் மட்டுமே உண்டு. இத்தகைய கொதிகலன்களின் கையேடுகள், தெருக்குழாயில் எப்போதும் நல்ல அமுக்கத்துடன் தண்ணீர் வரும் குளிர்நாட்டு நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூரைத் தாங்கியிலிருந்தோ மலைமேல் ஊற்றிலிருந்தோ தண்ணீர் எடுக்கும் வீட்டில் அவற்றை வரிக்கு வரி பின்பற்றினால், சில இடங்களில் கணக்குத் தலைகீழாகிவிடும். ஆகவே விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, அமுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வதே பயன் தரும்.

இங்கே பேசப்படுவது மூடிய சுற்றில் ஓடும் சுடுநீர் ஏற்பாடு. கொதிகலனில் சூடான தண்ணீரை ஒரு பம்ப் குழாய்கள் வழியாக ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. வெப்பத்தை அறையில் விட்டுவிட்டு அதே தண்ணீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. குளியலறைத் திருகுகுழாயில் வருவது இந்தத் தண்ணீர் அன்று. குளிக்கும் நீர், சுடுநீர்த் தாங்கிக்குள் இருக்கும் சுருள்குழாயின் சுவருக்கு மறுபுறத்தில் தனியாகச் சூடாகிறது. தொழிற்சாலைகளில் உள்ள நீராவிக் கொதிகலன்கள் வேறு வகை. அவற்றுக்கு இக்கட்டுரையில் சொல்லப்படும் எந்த எண்ணும் பொருந்தாது. கொதிகலனுக்கு எரிபொருளாக வரும் வாயுவின் அமுக்கமும் வேறு விடயம். உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவதால் எரிகலனைச் சரிப்படுத்த வேண்டியிருக்கும் என்றாலும், அது பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டுக்காரர் அதில் கை வைக்கக்கூடாது.

கொதிகலனின் முகப்பில் இருக்கும் அமுக்கமானி பெரும்பாலும் 0 முதல் 4 பார் வரை காட்டும். ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரமுள்ள நீர்த்தூண் தன் அடியில் கொடுக்கும் அமுக்கம். சுற்றின் மிக உயரமான ரேடியேட்டர் வரை தண்ணீர் நிரம்பி நிற்க வேண்டும்; அதற்கு மேலும் சற்று அமுக்கம் மிச்சமிருந்தால்தான் உச்சியில் காற்று உள்ளே இழுபடாது. கொதிகலனும் ரேடியேட்டர்களும் ஒரே தளத்தில் இருக்கும் வீட்டில் குளிர்ந்த நிலையில் 1 பார் தாராளமாகப் போதும். ஆனால் மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் கொதிகலனைக் கீழ்த்தளக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டு, மேல்மாடிப் படுக்கையறைக்குச் சூடு அனுப்புவார்கள். இரண்டுக்கும் இடையில் 8 மீற்றர் உயரம் இருந்தால் நீர்த்தூணுக்கு மட்டுமே 0.8 பார் தேவை, மேலதிகமாக 0.3 முதல் 0.5 வரை சேர்த்தால் 1.1 முதல் 1.3 வரை வருகிறது. இதே வீட்டில் கொதிகலன் மேல்மாடியில் இருந்திருந்தால், அதே அளவு தண்ணீர் நிரம்பிய சுற்றில் முள் 0.5 பாருக்கும் கீழே நின்றிருக்கும். அமுக்கமானி இருக்கும் இடத்தைச் சொல்லாமல் ‘எவ்வளவு இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. கையேட்டில் காணும் 1 முதல் 1.5 பார் என்ற அளவு சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கான பொது அளவு மட்டுமே.

மலையின் உயரமே முள்ளைக் கீழே இறக்கிவிடாதா என்று சிலர் ஐயுறுவதுண்டு. நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 0.81 பார், கொழும்பில் அது 1 பாருக்குச் சற்று மேல். எனினும் அமுக்கமானி காட்டுவது சுற்றியுள்ள காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதையே ஆகையால், 1 பார் என்ற குறி அங்கேயும் இங்கேயும் ஒரே வேலையைத்தான் குறிக்கிறது. திறந்த பாத்திரத்தில் நுவரெலியாவில் 94 பாகை செல்சியஸ் அளவில் தண்ணீர் கொதித்துவிடும். மூடிய சுற்றில் 1 பார் கூடுதலாக ஏற்றினால் கொதிநிலை 117 பாகையை எட்டும். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் சாதாரணமாக 80 பாகையைத் தாண்டாததால், அமுக்கம் சரியாக இருக்கும் வரை உள்ளே கொதிப்புக்கு இடமில்லை. அமுக்கம் விழுந்த சுற்றில், கொதிகலனுக்குள் தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியின் சூடான சுவரை ஒட்டித் தண்ணீர் உள்ளூரக் கொதித்து, கேத்தல் இரைவது போன்ற சத்தம் எழும்பலாம். அதே சத்தத்தைச் சுண்ணாம்புப் படிவும் எழுப்பும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இனி, பெரும்பாலான கோளாறுகளின் வேர் இருக்கும் இடத்துக்கு வருவோம். தண்ணீர் சூடேறினால் விரியும். 15 பாகையில் இருக்கும் 100 லீற்றர் தண்ணீரை 75 பாகைக்கு ஏற்றினால் அது 102.5 லீற்றர் ஆகிறது. திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. இரும்பும் செம்பும் அந்த அளவுக்கு விரிந்து இடம் கொடுக்கவும் மாட்டா. மிகுதியான அந்த இரண்டரை லீற்றருக்கு இடம் கொடுப்பதற்காகவே விரிவுக் கலம் என்ற உறுப்பு இருக்கிறது. அது உருக்கினால் ஆன ஒரு கலம். நடுவில் இறப்பர்த் திரை. ஒரு பக்கம் சுற்றின் தண்ணீர், மறுபக்கம் முன்கூட்டியே அடைத்த காற்று அல்லது நைதரசன். தண்ணீர் விரியும்போது திரை வளைந்து வாயுவை நெருக்கும். ஆறும்போது வாயு திரையைத் திருப்பித் தள்ளும். பல வீட்டுக் கொதிகலன்களுக்குள் 8 லீற்றர் அளவுள்ள கலம் ஒன்று ஏற்கனவே பொருத்தப்பட்டிருக்கும்.

அந்த வாயு எவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு கணக்கு காட்டும். நுவரெலியா வீடொன்றில் 100 லீற்றர் சுற்றும் 8 லீற்றர் கலமும் இருக்கின்றன என்றும், கலத்தில் 0.75 பார் வாயு அடைத்திருக்கிறது என்றும் கொள்வோம். குளிர்ந்த நிலையில் முள் 1 பாரில் நின்றால், முழுச் சூட்டில் அது 2 பாருக்கு அருகில் போய் நிற்கும். இது நல்ல நடத்தை. இப்போது வாயு முழுவதும் கசிந்து, சாதாரணக் காற்று மட்டுமே கலத்தில் எஞ்சியிருந்த நிலையில் அதே சுற்றை 1 பாருக்கு நிரப்பியதாக வைத்துக்கொண்டால், சூடேறும்போது கணக்குப்படி அமுக்கம் 5 பாரை எட்ட வேண்டும். உண்மையில் எட்டாது, ஏனெனில் 3 பாரிலேயே பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். கொட்டிய தண்ணீர் போனது போனதுதான். கொதிகலன் ஆறியதும் அந்த அளவு தண்ணீர் குறைந்திருப்பதால் முள் 1 பாருக்குக் கீழே விழுந்து கிடக்கும். காலையில் அமுக்கம் இல்லையே என்று வீட்டுக்காரர் மீண்டும் நிரப்புவார்; மாலையில் அது மீண்டும் கொட்டும். குறைபாடு காலையில் தெரிகிறது, காரணமோ முந்தின இரவின் சூட்டில் இருக்கிறது. ஒழுக்கு எங்கே என்று தரையை உடைத்துத் தேடும் வேலைகளில் சில இந்த ஒரு கலத்தைப் பார்க்காததால் வருபவை.

எனவே அமுக்கமானியை ஒரு தடவை பார்த்து எதையும் தீர்மானிக்கக்கூடாது. கொதிகலன் பல மணி நேரம் ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் ஒரு தடவையும், ரேடியேட்டர்கள் எல்லாம் முழுச் சூட்டில் இருக்கும்போது இன்னொரு தடவையும் பார்த்து இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் குறித்தாலே கொதிகலன் தன் குறையைச் சொல்லிவிடும். இரண்டுக்கும் இடையில் அரை முதல் ஒரு பார் வரையான வேறுபாடு இயல்பானது. குளிரில் தாழ்ந்தும் சூட்டில் 3 பாரை நெருங்கியும் இருந்தால் விரிவுக் கலத்தைச் சந்தேகிக்க வேண்டும். வேறுபாடு அளவாகவே இருந்து, இரண்டு எண்களும் நாளுக்கு நாள் சேர்ந்தே இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. கொதிகலனை நிறுத்தி வைத்திருக்கும் போதும் முள் ஏறிக்கொண்டே போனால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது. முள் எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மகிழ வேண்டாம்; அமுக்கமானியே பழுதாகியிருக்கக்கூடும்.

ஒழுக்கைத் தேடுவதில் பொறுமையைத் தவிர வேறு நுட்பம் அதிகமில்லை. ரேடியேட்டர் வால்வுகளின் தண்டு, பம்பின் இரு பக்க இணைப்புகள், செம்புக் குழாயின் பற்றாசு வைத்த மூட்டுகள் ஆகியவற்றைக் காய்ந்த மெல்லிய காகிதத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். செம்பில் பச்சைக் கறையோ வெள்ளைப் பொருக்கோ இருந்தால், இப்போது ஈரம் இல்லாவிட்டாலும் அங்கே கசிவு இருந்திருக்கிறது. சூடான குழாயில் சிறு கசிவு கீழே சொட்டுமுன்பே ஆவியாகிவிடும். பலகைத் தரை போட்ட பழைய பங்களாக்களில் தரைக்கடியிலும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு வால்வின் வெளியேற்றுக் குழாய் சுவருக்கு வெளியே எங்காவது முடிவதால், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதன் வாயின் கீழ் காய்ந்த வாளி ஒன்றை இரவு முழுவதும் வைத்தால் காலையில் உண்மை தெரியும். மழை நாளில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ஒரு தடவை திறந்த பாதுகாப்பு வால்வு, அதன் இருக்கையில் துரும்போ துருவோ சிக்கினால் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு. அப்படியானால் வால்வை மாற்றவேண்டியதுதான்.

புதிதாகத் தண்ணீர் நிரப்பியோ, ரேடியேட்டரின் காற்றைத் திறந்துவிட்டோ இருந்தால், அடுத்த சில நாட்களுக்கு முள் சற்று இறங்குவது கோளாறு அன்று. கரைந்திருந்த காற்று சூட்டில் பிரிந்து, காற்றுப்போக்கி வழியாக வெளியேறுகிறது, அவ்வளவே.

முள் தானாக ஏறும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நிரப்பு குழாய். வெளித் தண்ணீரையும் மூடிய சுற்றையும் இணைக்கும் இந்தக் குறுங்குழாயின் இரு முனையிலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். நிரப்பி முடிந்ததும் இரண்டையும் மூடி, குழாயைக் கழற்றி வைப்பதே முறை. கழற்றாமல் விட்டு, வால்வுகளும் முழுதாக மூடாமல் இருந்தால் துளித் துளியாகத் தண்ணீர் நுழைந்துகொண்டே இருக்கும். இங்கேதான் மலைநாட்டின் நிலவமைப்பு கணக்குக்குள் வருகிறது. தோட்டப் பகுதிகளில் மலைமேல் ஊற்றிலிருந்து குழாய் போட்டு நேரே வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவார்கள். ஊற்று வீட்டைவிட 60 மீற்றர் உயரத்தில் இருந்தால், எல்லாத் திருகுகுழாய்களும் மூடியிருக்கும் இரவு நேரத்தில் அந்தக் குழாயில் 6 பாருக்கு அருகில் அமுக்கம் நிற்கும். வால்வு சிறிது கசிந்தாலும் விடிவதற்குள் சுற்று 3 பாரைத் தொட்டுவிடும். இத்தகைய இணைப்பில் அமுக்கம் குறைக்கும் வால்வொன்று இருந்தே ஆக வேண்டும்.

கூரைத் தாங்கியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வீட்டில் நிலைமை நேர் எதிரானது. கொதிகலனுக்கு 3 மீற்றர் மேலே தாங்கி இருந்தால் அது கொடுக்கக்கூடிய அமுக்கம் 0.3 பார் மட்டுமே. நிரப்பு வால்வை விடிய விடியத் திறந்து வைத்தாலும் முள் 1 பாருக்கு வராது. சுற்றில் அதைவிடக் கூடுதலாக அமுக்கம் இருந்து, ஒருவழி வால்வும் இல்லாவிட்டால், சுற்றின் தண்ணீர் தாங்கியை நோக்கித் திரும்பும். கொதிகலனில் பழுது என்று எண்ணி உதிரிப்பாகம் மாற்றுவதற்கு முன், தாங்கியின் உயரத்தை அளந்து பார்ப்பது செலவில்லாத சோதனை. இப்படியான வீட்டில் நிரப்புவதற்கென ஒரு சிறிய அமுக்கப் பம்ப் தேவை. சுற்றைச் சோதிக்கப் பயன்படுத்தும் கைப்பம்ப் இருந்தாலும் போதும்.

இந்த மேடு பள்ளக் கணக்கு இன்னொரு கோளாற்றில் மேலும் முக்கியமாகிறது. சுடுநீர்த் தாங்கிக்குள் இருக்கும் சுருள்குழாயில் ஊசித்துளை விழுந்தால், குளிக்கும் நீரும் சுற்றின் நீரும் கலக்கத் தொடங்கும். தெருக்குழாய் அமுக்கம் கூடிய நகரங்களில் குளிக்கும் நீர் சுற்றுக்குள் நுழைந்து முள்ளை ஏற்றும். நிரப்பு குழாயைக் கழற்றிய பிறகும் முள் ஏறினால் சுருளே காரணம் என்று கையேடுகள் சொல்வது அதனால்தான். கூரைத் தாங்கி வீட்டிலோ சுற்றில் 1.2 பார், குளிக்கும் நீரில் 0.3 அல்லது 0.4 பார். தண்ணீர் எதிர்த் திசையில் போகும். முள் இறங்கும், தரையில் ஈரமில்லை, வெளியேற்றுக் குழாய் காய்ந்திருக்கிறது, ஆனாலும் அமுக்கம் குறைகிறது என்ற புதிருக்கு விடை பல வேளைகளில் இதுவே. சுற்றின் நீரில் துருத்தடுப்பு மருந்தும் கறுப்புச் சகதியும் இருக்கும் என்பதால் இது சிக்கனக் கேள்வியோடு நிற்பதில்லை. சுடுநீர்த் திருகுகுழாயில் நிறமோ வாடையோ மாறினால், அந்த நீரை வாய்க்கும் சமையலுக்கும் எடுக்காமல், தாங்கியைச் சோதிக்கும் வரை கொதிகலனை நிறுத்தி வைப்பது நல்லது.

விரிவுக் கலத்தைச் சோதிப்பதற்கு அதன் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் ரியூபில் இருப்பது போன்ற வால்வு ஒன்று உண்டு. மூடியைக் கழற்றி ஊசியை ஒரு கணம் அழுத்தினால் காற்று வர வேண்டும். தண்ணீர் வந்தால் இறப்பர்த் திரை கிழிந்துவிட்டது. கலத்தை மாற்ற வேண்டும். காற்று வந்தால் அளந்து பார்க்கலாம். ஆனால் சுற்றில் அமுக்கம் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் அமுக்கமே தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, முழுதும் ஆறவிட்டு, கொதிகலனின் அமுக்கமானி பூச்சியத்துக்கு வரும் வரை தண்ணீரை வடித்த பிறகே அளக்க வேண்டும். டயர் அளக்கும் கருவிகள் பெரும்பாலும் பீஎஸ்ஐ அளவில் இருக்கும், 0.75 பார் என்பது ஏறக்குறைய 11 பீஎஸ்ஐ. குறைவாக இருந்தால், வடிகால் திறந்திருக்கும் நிலையிலேயே கால்பம்பால் மெதுவாக ஏற்றலாம். எவ்வளவு ஏற்றுவது என்பதைக் கொதிகலனின் தகடோ கையேடோ சொல்லும். பொதுவாக அது மேலே உள்ள நீர்த்தூணின் அமுக்கத்தை விடக் குறையக்கூடாது. கடல் மட்டத்தில் 0.75 பார் அடைத்து அனுப்பிய கலம், ஒரு துளியும் கசியாமல் நுவரெலியா வந்து சேர்ந்தால் அங்கே 0.95 காட்டும், வெளிக்காற்றின் அமுக்கம் குறைந்ததே காரணம். கூடுதலாக இருக்கிறதே என்று திகைக்காமல், குறித்த அளவுக்குக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரி.

மீண்டும் மீண்டும் நிரப்புவதைப் பலர் பராமரிப்பு என்று எண்ணுகிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை நிரப்புவதில் குறையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்றால், ஒவ்வொரு தடவையும் புதிய ஒட்சிசன் சுற்றுக்குள் போகிறது என்று பொருள். அந்த ஒட்சிசன் உருக்கு ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும். அரித்த இரும்பு கறுப்புச் சகதியாகி அடியில் படியும். பம்பும் வெப்பப் பரிமாற்றியும் அடைபடும். ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று, அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் சகதி என்று கொள்ளலாம். அதைவிட, அடிக்கடி நிரப்பும் வீட்டில் துருத்தடுப்பு மருந்தும் நாளடைவில் நீர்த்துப் பயனற்றுப் போகிறது. ஏப்ரல் பருவத்தில் விடுதி நிரம்பி வழியும்போது ஒவ்வொரு காலையும் நிரப்பிச் சமாளிப்பது வேறு வழியில்லாத ஏற்பாடாக இருக்கலாம். பருவம் முடிந்ததும் காரணத்தைத் தேடிவிட வேண்டும்.

நிரப்பும்போது கொதிகலன் ஆறியிருக்க வேண்டும். சூடேறிய, தண்ணீர் குறைந்த கொதிகலனுக்குள் குளிர்நீரைப் பாய்ச்சினால் வெப்பப் பரிமாற்றி வெடித்துப் பிளக்கக்கூடும். இரண்டு வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, முள் தேவையான இடத்துக்கு வந்ததும் மூட வேண்டும். பின்னர் மேல்மாடி ரேடியேட்டரின் காற்றை விட்டு, மறுபடி முள்ளைப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் இல்லாத வீடுகளிலும் இதே விரிவுக் கணக்கு ஓர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. 50 லீற்றர் கீசரில் 15 பாகைத் தண்ணீர் 60 பாகைக்கு ஏறினால் ஏறக்குறைய 0.8 லீற்றர் மிகுதியாகிறது. கூரைத் தாங்கிக்குத் திறந்த வழி இருந்தால் அந்த மிகுதி குழாய் வழியே மேலே திரும்பிவிடும். குளிர்நீர் நுழையும் இடத்தில் ஒருவழி வால்வோடு சேர்ந்த பாதுகாப்பு வால்வு இருந்தால் திரும்பிப் போக முடியாது. சூடேறும் நேரத்தில் வால்வின் சிறு வாயிலிருந்து சொட்டும். சூடேறும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். குளியலறைத் தரை நனைகிறதே என்று அந்த வாயை மரக்கட்டையாலோ பசையாலோ அடைப்பவர்கள் இருக்கிறார்கள். மிகுதிக்கு வேறு வழியில்லாத கீசரில் வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஒரு நாள் பழுதானால், தாங்கி வெடிக்கும் அளவுக்கு அமுக்கம் ஏறக்கூடும். தரை நனையாமலிருக்க வேண்டுமென்றால், வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, சரிவாக, மறுமுனை திறந்தபடியே வடிகால் வரை கொண்டுபோய் விட்டால் போதும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஒரு துண்டுக் குழாயோடு அந்த வேலை முடிந்துவிடும்.